பெட்டி மாட்டாத மூணாம் டிவிஷன்

தபால் கொண்டுபோகும் வேலையில் வெயிலைச் சமாளித்துவிடலாம், மழையைச் சமாளித்துவிடலாம், நாயைக்கூட இரண்டு பிஸ்கட் போட்டு வழிக்குக் கொண்டுவந்துவிடலாம். மனிதர்களின் உபசரிப்பைத்தான் சமாளிக்கவே முடியாது.

கேஸ் சிலிண்டர் தோங் தூக்கிக்கொண்டு போகிறவர்கள், கரண்ட் மீட்டர் பார்க்கிறவர்கள், சாப்பாட்டுப் பொட்டலத்தோடு மோட்டார் சைக்கிளில் பறக்கிறவர்கள் என்று வீடு வீடாகப் போய்ப் பிழைக்கும் அத்தனை பேரும் என் கூட்டாளிகள்தாம். நான் சொல்லப்போவது உங்களுக்கு உடனே புரியும். மற்றவர்கள் கொஞ்சம் இரக்கத்தோடு கேளுங்கள்.

என் பெயர் மாலதி. வீடு ஜொகூர் மாநிலத்துச் சாஆ பட்டணத்தில். பட்டணத்தைத் தாண்டிப் போனால், செம்பனை எனும் எண்ணெய்ப்பனைக் காட்டுக்கு நடுவில் ஒரு குடியிருப்பு இருக்கிறது. முன்பு தோட்டம். இப்போது ஆட்கள் சொந்தமாக வாங்கிக்கொண்ட தரைவீடுகள். ஆனாலும் எல்லார் வாயிலும் அது இன்னமும் மூணாம் டிவிஷன்தான். அங்கே எந்தத் தபால்காரரும் வீடுவரை போனதில்லை. கடிதம் எல்லாம் முச்சந்தியில் உள்ள மளிகைக் கடையோடு நின்றுவிடும். ஆறு மாதத்துக்கு வீட்டு வாசலிலேயே கொடுத்துப் பார்ப்போம், சரியாக வந்தால் நிரந்தரமாக்கலாம் என்று மேலிடத்தில் முடிவு செய்தார்கள். அதற்கு ஒப்பந்தத்தில் ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் கிடைத்தேன்.

அதற்குமுன் பல வருடம் செனாயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்தேன். விடுதியில் ஓர் அறைக்கு நாலு பெண்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வீடு. கணவர் லாரி ஓட்டுகிறார், அவரும் பாதி நாள் ரோட்டில். மகள் இப்போது இடைநிலைப் பள்ளியின் கடைசி வருடமான படிவம் ஐந்து படிக்கிறாள். அவள் வயசுக்கு வந்த செய்தியே எனக்குப் போனில்தான் வந்தது. அன்று தொழிற்சாலைக் கழிவறையில் நின்று நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். ஆகவே இந்தத் தபால் சேவை நிரந்தரமானால் நானும் என் வீட்டில் நிரந்தரம். இல்லையென்றால் மறுபடியும் செனாய், மறுபடியும் விடுதி. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

டின்னை ஒப்படைத்த தவுக்கே

முச்சந்தி மளிகைக் கடைக்காரர் ஆ செங். சீனர். முதலாளி என்ற பொருளில் நாங்கள் தவுக்கே என்று கூப்பிடுவோம். அவருடைய கல்லாவுக்குப் பக்கத்தில், உப்பு முட்டைக்கும் கொசுவர்த்திக்கும் நடுவில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கும். அதுதான் மூணாம் டிவிஷனின் தபால் நிலையம். அரிசி வாங்க வந்தவர் டின்னைக் கிளறி, தன் கடிதத்தோடு பக்கத்து வீட்டுக்காரர் கடிதத்தையும் நல்ல எண்ணத்தில் எடுத்துக்கொண்டு போவார். மோட்டார் கூடையில் அது மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, மறுபடியும் நனைந்து, என்றைக்காவது உரியவர் கைக்குப் போய்ச் சேரும். சில சமயம் சேரவே சேராது.

முதல் நாள் தவுக்கேயிடம் போய், டின்னில் மிச்சம் இருப்பதை வாங்கிக்கொள்ள வந்திருக்கிறேன் என்றேன். கோபித்துக்கொள்வாரோ என்று எனக்குப் பயம். கடிதம் எடுக்க வருகிறவர்கள்தானே போகிற போக்கில் வெங்காயமும் வாங்குவார்கள்? மனிதர் டின்னோடு தூக்கி என் கையில் கொடுத்துவிட்டு, அது இருந்த இடத்தைத் துணியால் துடைத்து, அங்கே சர்டின் மீன் டப்பாக்களை ஒரு கோபுரமாக அடுக்க ஆரம்பித்தார். தோட்டத்து ஆட்களோடு பேசிப் பேசிப் பழகிய அவருடைய தமிழ் என் தமிழைவிட வேகமாக வரும்.

"தங்கச்சி, இவ்ளோ வருசம் லெட்டர் வரலன்னா என்னைத்தான் திட்டுவாங்க. இனிமே ஒன்ன திட்டுவாங்க லா. நான் நிம்மதியா சர்டின் விக்கிறேன்."

கார்டில் இருக்கிற ஆள்

எங்கள் ஆட்களுக்கு அடையாளக் கார்டில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர். பிறந்ததும் பதிவுக்கு ஒன்று வைத்துவிட்டு, கூப்பிட இன்னொன்று வைத்துக்கொள்வார்கள். ஆயுள் முழுக்க ஓடுவது வீட்டுப் பெயர்தான். கார்டுப் பெயர் பள்ளிக்கூடத்துக்கும் கல்யாணப் பதிவுக்கும் தலைகாட்டிவிட்டு உள்ளே போய்விடும். கடிதம் மட்டும் விடாப்பிடியாகக் கார்டுப் பெயருக்கே வரும்.

முதல் வாரம் முனியாண்டி என்பவருக்கு ஒரு கடிதம். வீட்டு எண் காகிதத்தில்தான் இருக்கிறது, எந்தச் சுவரிலும் இல்லை. முதல் லைன் வீடுகளில் கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. இரண்டாவது லைனில் ஒருவர் வீட்டு முன்னால் உட்கார்ந்து ஒரு இரும்புக் கேட்டுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார். முகமூடியைத் தூக்கிவிட்டு நெடுநேரம் யோசித்தார். கடைசி லைனில் அப்படி ஒருத்தர் இருந்ததாகவும், அவர் செத்துப்போய்விட்டதாகவும் ஞாபகம் என்றார். நானும் வருத்தத்தோடு கடிதத்தைப் பைக்குள் திரும்ப வைத்தேன். உள்ளேயிருந்து அவர் மனைவி கல்யாணி கரண்டியும் கையுமாக ஓடி வந்தார். ஊரே ராஜா அண்ணன் என்று கூப்பிடும் அந்த வெல்டர்தான் முனியாண்டி. அந்தப் பெயரை யாரும் சொல்லிக் கேட்டுப் பல வருடம் ஆனதால் அவருக்கே மறந்துவிட்டது.

"என்னாங்க, அது நீங்கதாங்க! உயிரோட இருக்கற மனுசன சாவடிச்சு லெட்டர திருப்பி அனுப்பப் பாத்தீங்களே, அலமாக்!"

கடிக்காத நாய்

மூணாம் டிவிஷனில் கடிக்கிற நாய் ஒன்றுகூடக் கிடையாது. வீட்டுக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், அடித்துச் சொல்வார்கள். அப்படி ஒரு கடிக்காத நாய், பெயர் டைகர், இரண்டாவது வாரத்தில் என் கால்சட்டையின் ஒரு முழம் துணியைப் பிய்த்துக்கொண்டு போனது. நான் மோட்டார் மேல் இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொண்டு, ஒரு கையில் ஹாரனும் ஒரு கையில் தண்ணீர் பில்லுமாக உட்கார்ந்திருந்தேன்.

நாயை வளர்க்கும் தம்பி சிங்கப்பூரில் வேலை செய்துவிட்டு வாரக் கடைசியில் வீட்டுக்கு வருகிறவர். அப்போதுதான் எழுந்து வந்தார். என் கால்சட்டையைப் பார்த்தார், நாயின் வாயைப் பார்த்தார். ரொம்பவும் யோசித்து எனக்கு ஆறுதல் சொன்னார்.

"டைகர் உங்கள ஒண்ணும் செய்யாது, போஸ்ட் அக்கா. அதுக்கு யூனிஃபார்மத்தான் பிடிக்காது. அடுத்த தடவ சாதா உடுப்புல வாங்க."

தூண்டிலும் சேலையும்

கடிதம் குறைந்து பொட்டலம் கூடிவிட்ட காலம் இது. போனைத் தடவினால் சாமான் வாசலுக்கு வந்துவிடுகிறது. தீபாவளி நெருங்க நெருங்க என் மோட்டார் நடமாடும் ஜவுளிக் கடையாகிவிடும்.

அந்தச் சமயத்தில் ராஜா அண்ணன் என்னை வழியில் மடக்கினார். தனக்கு நீளமாக ஒரு பொட்டலம் வருமென்றும், கல்யாணி சந்தைக்குப் போகும் நேரம் பார்த்துக் கொண்டுவரும்படியும் கேட்டுக்கொண்டார். புதுத் தூண்டில். வீட்டில் ஏற்கெனவே எத்தனை இருக்கிறது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மறுநாள் கல்யாணி போன் செய்தார். தனக்கு ஒரு சேலை வருமாம், அவர் வெளிவேலைக்குப் போயிருக்கும்போது கொண்டுவரவேண்டுமாம். இரண்டு பேருக்கும் சரி என்று தலையாட்டி வைத்தேன்.

இரண்டும் ஒரே நாளில் வந்து தொலைந்தன. நான் போன நேரம் இருவரும் வீட்டு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். சேலையையாவது பைக்குள் மறைக்கலாம், என் உயரத்துக்கு இருக்கிற தூண்டிலை எங்கே மறைப்பது? வேறு வழியில்லாமல் அவரவர் பொட்டலத்தை அவரவர் கையில் கொடுத்தேன். ராஜா அண்ணன் வானத்தைப் பார்த்தார். கல்யாணி தூண்டிலின் நீளத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"அவரோடது தூண்டில் இல்லன்னா என்னோடது சேலையும் இல்ல, அக்கா. நீங்க போய்ட்டு வாங்க."

எத்தனையாவது டம்ளர்

மூணாம் டிவிஷனில் எந்த வாசலில் நின்றாலும் முதல் கேள்வி பசியாறிவிட்டாயா என்பதுதான். இரண்டாவது கேள்வி கிடையாது, டம்ளர் வந்துவிடும். ஒரு வீட்டில் மைலோ, ஒரு வீட்டில் கோப்பி, ஒரு வீட்டில் ஐஸ் போட்ட சிரப். ஒரு வீட்டில் குடித்துவிட்டு அடுத்த வீட்டில் வேண்டாம் என்றால், அவர்கள் வீட்டில் மட்டும் குடிப்பீர்களோ என்று முகம் வாடிப்போகும். ஆரம்பத்தில் நாசூக்காக மறுத்துப் பார்த்தேன். பிறகு பாதி டம்ளர் தந்திரத்தைக் கையாண்டேன். பாதி குறைந்ததும் மறுபடி நிரப்பிவிட்டார்கள்.

குடிப்பதில் கஷ்டமில்லை. அதற்கப்புறம் என்ன ஆகும் என்பதை வீடு வீடாகப் போகும் பெண்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆண்களுக்குச் செம்பனைக் காடு இருக்கிறது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு, ரோட்டிலுள்ள ஒவ்வொரு பள்ளத்துக்கும் கும்பிடு போட்டுக்கொண்டு பட்டணம் திரும்புவேன். ஒரு நாள் பாக்கியம் அக்கா வீட்டில் டம்ளரை வாங்கிக் கையில் வைத்தபடி குடிக்காமல் நின்றேன். பாக்கியம் அக்கா கடைசி லைனில் தனியாக இருப்பவர். முன்பு தோட்டத்தில் மருந்து அடிக்கும் வேலை செய்தார். இப்போது இரண்டு கண்ணிலும் புரை. தன் வீட்டுக் கேட்டே அவருக்கு நிழலாகத்தான் தெரியும். என் முகத்தில் இருந்தது மட்டும் எப்படித் தெரிந்ததோ, டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"பொம்பளப் புள்ளைக்குத் தண்ணி குடுக்கத் தெரிஞ்சா போதுமா, பின்பக்கம் வழி காட்டவும் தெரியணும்ல? போம்மா, லைட்டு போட்டிருக்கேன்."

அன்றிலிருந்து என் சீருடைத் தொப்பியைவிட எனக்கு உதவியாக இருப்பது பாக்கியம் அக்காவின் வீடுதான். இதைக் கூச்சமில்லாமல் எழுதுகிறேன், நன்றி சொல்ல வேறு இடம் எனக்குக் கிடையாது.

கண் ஆஸ்பத்திரிக் கடிதம்

பாக்கியம் அக்காவின் கண் அறுவைக்குத் தேதி போட்டு ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வரவேண்டும். போனில் செய்தி வந்தாலும் அதைப் படிக்கக் கண் வேண்டுமே. போன தடவை வந்த கடிதம் பிஸ்கட் டின்னில் யாருடைய நாட்காட்டிக்கோ அடியில் கிடந்து, தேதி முடிந்த பிறகுதான் அவர் கைக்குக் கிடைத்தது. மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நின்று காத்திருந்தார். நான் போகும்போதெல்லாம் கேட்டுக்கு வந்து நிற்பார். இன்னும் வரவில்லை என்று சொல்ல எனக்கே வாய் வராது.

கடிதம் வந்த நாளில் என் சுற்றை மாற்றிக்கொண்டு கடைசி லைனுக்கு முதலில் போனேன். அவரை உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். அடுத்த மாதம் தேதி. அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செனாயில் எத்தனையோ வருடம் சின்னச் சின்னச் சாமான்களைப் பொருத்திப் பொருத்தி அனுப்பியிருக்கிறேன். அவை யாருக்குப் போயின, யாருக்கு என்ன நல்லது செய்தன என்று எனக்குத் தெரியாது. என் கையால் ஒன்றைக் கொடுத்து, வாங்கியவர் முகம் மலர்வதை அன்றைக்குத்தான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இந்த வேலை எனக்குக் கிடைத்ததே என்று சந்தோஷமாக இருந்தது. கூடவே பயமாகவும் இருந்தது.

"கண்ணு தெளிஞ்சதும் உன் மூஞ்சிய ஒழுங்கா பாக்கணும், மாலதி. அதுக்குள்ள எங்கயும் போயிடாத."

பலகாரம் வாங்கிக் கொடுத்த தலைவர்

ஆறு மாதம் முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது. மலாய்க்காரரான எங்கள் தபால் நிலையத் தலைவர் என்சிக் ரோஸ்லான் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர். ஒரே ஒரு பழக்கம், கெட்ட செய்தி சொல்வதற்கு முன் பலகாரம் வாங்கிக் கொடுப்பார். மேசையில் ஒரு தட்டு நிறையப் பலகாரம் இருந்தது.

ஜொகூர் பாருவிலிருந்து அதிகாரி ஒருவர் வந்து பார்ப்பாராம். மக்களுக்கு இந்தச் சேவை உண்மையிலேயே வேண்டுமா என்பதற்கு அவர் பார்க்கப்போகும் அடையாளம் ஒன்றுதான். ஒவ்வொரு வீட்டிலும் எண் எழுதிய தபால் பெட்டி இருக்க வேண்டும். பெட்டி இல்லாத வீடு தபால் வேண்டாத வீடு என்று எடுத்துக்கொள்வார்களாம். இதுதானா என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்மேல் உயிரையே வைத்திருக்கிறார்கள், ஒரு பெட்டி மாட்டமாட்டார்களா? நான் பலகாரத்தைத் தின்று முடித்தேன். ரோஸ்லான் மட்டும் தின்னவில்லை. என்னை அக்கா என்ற பொருளில் காக் என்றுதான் கூப்பிடுவார், கவலையோடு மலாயில் கேட்டார்.

"காக், அவங்க உங்களுக்குச் சோறு போடுவாங்க, சந்தேகமே இல்ல. பெட்டி போடுவாங்களா?"

சரி, மாட்டிடலாம்

அன்றிலிருந்து கடிதத்தோடு பெட்டிச் செய்தியையும் வீடு வீடாகக் கொண்டுபோனேன். எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "சரி, மாட்டிடலாம்." இந்தப் பதிலின் மதிப்பு என்னவென்று, கோயில் திருவிழாவுக்கு ஆள் சேர்க்கப் போனவர்களுக்குத் தெரியும். ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று, ஒரு வீட்டிலும் பெட்டி இல்லை. ராஜா அண்ணன் கையில் தொழில் இருக்கிறது, நினைத்தால் ஒரு லைனுக்கே அடித்துக் கொடுத்துவிடுவார். அவர் வீட்டிலேயே பெட்டி இல்லை.

செனாயிலிருந்து என் பழைய சூப்பர்வைசர் போன் செய்தார். மாதக் கடைசியில் ஆள் எடுக்கிறோம், வருவதென்றால் இப்போதே சொல் என்றார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். அன்று சாயங்காலம் மகள் என்னுடைய பழைய விடுதிப் பையை அலமாரியின் மேலிருந்து இறக்கி, தன் கட்டிலுக்கு அடியில் ஆழமாகத் தள்ளிவைப்பதைக் கதவருகில் நின்று பார்த்தேன்.

மறுநாள் நேராக ராஜா அண்ணனிடம் போனேன். உங்களுக்கு என்ன அப்படிச் சோம்பல் என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, கல்யாணி இருக்கிறாரா என்று உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"சோம்பல் இல்ல லா, அக்கா. பெட்டிய கேட்டுல மாட்டிட்டா நீங்க லெட்டர அதுல போட்டுட்டு அப்படியே போயிடுவீங்க. வீட்டுக்கு வந்தவங்கள கேட்டோட அனுப்பினா நல்லாவா இருக்கும்?"

கவர்மெண்டு மாலதி

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கடைசியில் கோபம்தான் வந்தது. இத்தனை அன்பும் சேர்ந்து என் வேலைக்கு உலை வைத்துக்கொண்டிருக்கிறதே! ராஜா அண்ணன் வீட்டு முன்னால் நின்றபடியே கத்தினேன். சத்தம் கேட்டு அக்கம்பக்கம் எல்லாரும் கேட்டுக்கு வந்துவிட்டார்கள். கேஸ் தோங் இறக்க வந்த தவுக்கேயும் லாரியிலிருந்து இறங்கி நின்றார். இது ஆறு மாதத்துச் சோதனை மட்டும்தான், நான் ஒப்பந்த ஆள், பெட்டி இல்லையென்றால் இந்த மாதத்தோடு தபால்காரரும் இல்லை, உங்கள் கடிதம் மறுபடியும் பிஸ்கட் டின்னுக்குப் போகும், நான் மறுபடியும் செனாய்க்குப் போவேன் என்றேன். அழக்கூடாது என்று முடிவு செய்துதான் பேச ஆரம்பித்தேன், என் மகளைப் பற்றிச் சொல்லும்போது அழுதுவிட்டேன்.

அவர்கள் முகங்களைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. என் சீருடையையும் பையையும் பார்த்து நான் நிரந்தரமான அரசாங்க ஊழியர் என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். எங்கள் ஆட்களுக்கு அரசாங்க வேலை என்றால் பென்ஷன்வரை ஆடாது, அசையாது. அதற்கும் ஆபத்து வரும் என்று ஒருவர் தலையிலும் தோன்றவில்லை. பெட்டி என்பது ஏதோ மேலதிகாரியின் ஆசை, கொஞ்ச நாள் கத்திவிட்டு விட்டுவிடுவார் என்று இருந்திருக்கிறார்கள். கல்யாணி என் கையைப் பிடித்துக்கொண்டு, இதை முதலிலேயே சொல்லக்கூடாதா என்று கேட்டு அவரும் அழுதார். எல்லாருக்கும் முன்னால் தெளிந்தவர் தவுக்கேதான்.

"அலமாக், நீ கவர்மெண்டு இல்லியா? இங்க பாரு, யாரு என்னா செய்வீங்களோ தெரியாது, அந்த டின்ன நான் திருப்பி வாங்க மாட்டேன்!"

ஜொகூர் பாருவிலிருந்து வந்த புவான்

அதிகாரி ஓர் அம்மையார், மலாய் வழக்கப்படி புவான் ஹஸ்னா. கையில் ஓர் அட்டை, சிரிக்காத முகம். அவர் வருவதற்கு முன் விடுமுறை நாட்கள் சேர்ந்தாற்போல் வந்துவிட்டதால் நான் மூணாம் டிவிஷன் பக்கமே போகவில்லை. நான் மோட்டாரில் முன்னால், அவரும் ரோஸ்லானும் காரில் பின்னால். முதல் லைனில் திரும்பினேன். ஒரு கேட்டிலும் பெட்டி இல்லை. எட்டிப் பார்த்தேன், லைன் முழுக்க வெறும் கேட்டுகள். இரண்டாவது லைனும் அப்படியே. ரோஸ்லான் என் பக்கம் திரும்பவே இல்லை. புவான் ஹஸ்னா பேனாவைத் திறந்தார்.

அப்போது ராஜா அண்ணன் சலவைச் சட்டையோடு வந்து கேட்டை அகலத் திறந்து, "மாசோக், புவான், மாசோக்" என்று எங்களை உள்ளே கூப்பிட்டார். கார் நிறுத்தும் இடத்தைத் தாண்டி, வீட்டுக் கதவுக்குப் பக்கத்தில், நாற்காலிக்கு மேலே, சமையல் எண்ணெய் டின்னை வெட்டி மடித்து நீலச் சாயம் அடித்த ஒரு பெட்டி தொங்கியது. வெள்ளையில் வீட்டு எண். அடுத்த வீட்டிலும் கதவுக்குப் பக்கத்தில்தான். அதற்கடுத்த வீட்டில் சமையலறை ஜன்னலுக்குக் கீழே. டின் எல்லாம் தவுக்கே கொடுத்தது, வேலை எல்லாம் ராஜா அண்ணன் செய்தது, சாயம் அடித்தது கல்யாணி. டைகர் வீட்டுப் பெட்டி மட்டும் நாய்க்கு எட்டாத உயரத்தில் இருந்தது. நான் அங்கேயே நின்று அழுதிருப்பேன், புவான் ஹஸ்னா பார்த்துக்கொண்டிருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

ஒவ்வொரு வீட்டிலும் புவான் ஹஸ்னாவை உட்காரவைத்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் டம்ளர் வந்தது. மறுத்துப் பயனில்லை என்று நான் அவருக்குச் சைகை காட்டினேன். கடைசி லைனில் பாக்கியம் அக்காவின் பெட்டி வீட்டுக்குள்ளேயே, சாமி மேடைக்குப் பக்கத்தில் இருந்தது. புவான் ஹஸ்னாவுக்குப் பொறுமை போய்விட்டது. தபால்காரர் வெளியிலேயே போட்டுவிட்டுப் போகத்தானே பெட்டி, நடுவீட்டில் மாட்டினால் என்ன அர்த்தம் என்று கேட்டார். கடிதம் உள்ளே வந்தால் அதைக் கொண்டுவந்த ஆளும் உள்ளே வரத்தானே வேண்டும் என்று பாக்கியம் அக்கா தன் தோட்டத்து மலாயில் நிதானமாகச் சொன்னார்: "சூரத் மாசோக், ஓராங் பூன் மெஸ்தி மாசோக் லா, புவான்." அந்த அட்டையில் பெட்டி உண்டா, எண் உண்டா என்ற இரண்டு கேள்விகள்தாம் இருந்தன. எங்கே என்ற கேள்வி இல்லை. புவான் ஹஸ்னா எல்லா வீட்டுக்கும் உண்டு, உண்டு என்று எழுதினார். முறுக்குப் பொட்டலமும் ஒரு சீப்பு வாழைப்பழமுமாகக் காரில் ஏறும்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார்.

"இவங்களுக்குத் தபால் வேணும்னு மட்டும் எழுதிக்கிறேன், காக். மத்தத எழுதினா ஜொகூர் பாருவுல யாரும் நம்ப மாட்டாங்க."

நிரந்தரம்

அன்றைக்கே செனாய்க்குப் போன் செய்து, நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். உத்தரவு இன்னும் கையில் இல்லை. கணவர் கொஞ்சம் பொறுத்துச் சொல்லியிருக்கலாமே என்றார். எனக்குப் பொறுக்க முடியவில்லை. அவ்வளவு பேர் எனக்காகத் தகரத்தை வெட்டியிருக்கும்போது நான் ஒரு காலைச் செனாயில் வைத்துக்கொண்டு நிற்பது நன்றாகவா இருக்கும்?

சில வாரம் கழித்து ரோஸ்லான் கூப்பிட்டார். அவர் மேசையில் பலகாரம் இல்லாததைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. மூணாம் டிவிஷனுக்கு வீட்டுத் தபால் நிரந்தரம், நானும் நிரந்தரம். வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து அந்த விடுதிப் பையை இழுத்து, தன் பழைய பள்ளிப் புத்தகங்களை எல்லாம் அதில் திணித்து, ஜிப்பைக் கஷ்டப்பட்டு மூடினாள். இனி அதில் என் துணிக்கு இடமில்லை.

மறுநாள் எல்லாருக்கும் சொல்ல நல்ல வார்த்தையாக நாலு வார்த்தை யோசித்துக்கொண்டு போனேன். சொல்ல விட்டால்தானே? செய்தி எனக்கு முன்னாலேயே போய்விட்டது, வாயில் கேசரியை ஊட்டிவிட்டார்கள். கடைசியாகப் பாக்கியம் அக்கா வீடு. ஒரு கண்ணுக்கு அறுவை முடிந்து, கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் எல்லாரும் சேர்ந்து என்னை என் மகளிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறீர்கள், இதை நான் உயிர் உள்ளவரை மறக்கமாட்டேன் என்றேன். அக்கா என் கையைத் தட்டிக் கொடுத்தார். பிறகு சாமி மேடைப் பக்கம் திரும்பி அந்த நீலப் பெட்டியைக் காட்டினார்.

"இனிமே ஒன்ன யாரும் அனுப்ப முடியாதுல்ல? அப்ப அந்த டப்பாவ கழட்டிடும்மா. சாமிய மறைக்குது. நீதான் வர்றியே, லெட்டர கையிலயே குடு."

என் வேலையை நிரந்தரமாக்கிவிட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரத்தோடு வீடு திரும்புவது மட்டும் இன்னும் சோதனைக் கட்டத்திலேயே இருக்கிறது.